வலிமை எதற்கு? – சூப்பர்மேன் திரைப்படங்களும் பார்வையாளரின் இருமனமும்

கதைத் தலைவனுக்குப் பிறப்பு இரண்டு. ஒன்று படைப்பவன் உள்ளத்தில் நிகழ்வது. மற்றொன்று சுவைப்பவர் உள்ளத்தில் நிகழ்வது. முதற்பிறப்பு ஒருமுறையோடு முடிந்து விடுகிறது. இரண்டாம் பிறப்போ தலைமுறைதோறும் நிகழ்ந்த வண்ணம் இருக்கிறது. ஆதலின், நெடுங்காலம் வாழும் தலைவன் ஒருவனைப் புதிதாகப் படைத்துக் காட்ட முற்படுவோர் வெற்றிடத்தில் தொழில் செய்வதில்லை. ஏற்கெனவே பலர் உள்ளத்தில் குடியிருக்கும் ஒருவனையே அவர்கள் மீண்டும் மேடையேற்றுகின்றனர். அவ்வாறு ஏற்றும் பொழுதெல்லாம், "இவன் அவன்தான்" என்று மகிழ்வாரும் "இவன் அவன் அல்லன்" என்று வெகுள்வாரும் ஒரே அரங்கில் அமர்ந்திருப்பர்.

2025 ஜூலை 11ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'சூப்பர்மேன்' திரைப்படத்திற்கும் இதுவே நேர்ந்தது. ஜேம்ஸ் கன் எழுதி இயக்கிய இப்படத்தைக் கண்டவருள் ஒரு சாரார், இழந்த புன்னகை மீண்டது என்றனர். மற்றொரு சாரார், நகைச்சுவை மிகுந்து வீரம் மெலிந்தது என்றனர். தலைவனைப் பெற்றோரின் பெருமை குலைக்கப்பட்டது என வருந்தியோரும் உண்டு. கதையில் அரசியல் புகுந்து விட்டது எனச் சினந்தோரும் உண்டு. ஒரே படத்தைக் கண்டு வெளிவந்தோர் இருவேறு படங்களைக் கண்டவர்போல் உரையாடினர்.

இவ்வேறுபாடு புதிதன்று. இத்தலைவன் திரையேறிய வரலாறு முழுவதிலும் இது தொடர்ந்து வந்துள்ளது. நடிகர் தேர்வு, உடையின் நிறம், கதையின் வேகம் என வாதங்கள் பலவாயினும், அவற்றின் அடியில் ஓடும் வினா ஒன்றே. அளவற்ற வலிமை ஒருவனுக்கு வாய்த்தால் அது எதற்குப் பயன்பட வேண்டும் என்பதே அவ்வினா. அதன் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் முதல் நோக்கமும்

சூப்பர்மேனைப் படைத்தோர் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் மக்கள். 1932இல் சீகலின் தந்தையார் தம் துணிக்கடையில் திருட்டு நிகழ்ந்தபொழுது உயிர் துறந்தார். குண்டு துளைக்காத உடலுடைய ஒருவனைப் பின்னாளில் அம்மகன் கற்பனை செய்ததற்கு இத்துயரமும் ஒரு காரணமாகலாம் எனக் கருதுவோர் உளர்.

1938 ஜூன் மாதத்தைத் தேதியாகக் கொண்டு வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். இதழின் விலை 10 சென்டு. பொருளாதாரப் பெருமந்தத்தின் துயர் நீங்காத காலம் அது. அன்றைய சூப்பர்மேன் வேற்றுலகப் பகைவரோடு பொருதவில்லை. மனைவியை அடிக்கும் கணவனைத் தடுத்தான். தொழிலாளர் உயிரைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளிக்குப் பாடம் கற்பித்தான். ஊழல் அரசியலாளரை அம்பலப்படுத்தினான். ஒடுக்கப்பட்டோரின் காவலன் என்றே அவன் அறிமுகம் செய்யப்பெற்றான். பறக்கும் ஆற்றல்கூட அவனுக்கு அப்பொழுது இல்லை. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தொலைவைத் தாவிக் கடப்பான், அவ்வளவே. வலிமை எதற்கு என்னும் வினாவிற்கு அன்று கிடைத்த விடை தெளிவானது: மெலிந்தோர்க்கு.

1940இல் வானொலித் தொடராகவும் அவன் கதை ஒலிக்கத் தொடங்கியது. 1946இல் அத்தொடர், நிறவெறிக் கூட்டமாகிய கு கிளக்ஸ் கிளானை நினைவூட்டும் ஒரு கூட்டத்தைப் பகையாக நிறுத்திச் சீன அமெரிக்கக் குடும்பம் ஒன்றைக் காக்கும் கதையை ஒலிபரப்பியது. கதையில் அரசியல் புகலாமா என்று 2025இல் எழுந்த பூசலை நோக்குவோர், அரசியல் இத்தலைவனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதை மறத்தலாகாது.

மருட்கையின் வெற்றி

1948இல் 15 பகுதிகள் கொண்ட தொடர்ப்படம் ஒன்று திரையரங்குகளில் ஓடியது. அதில் நாயகன் பறக்கும் காட்சிகளில் கேலிச்சித்திர உருவம் ஒன்று திரையில் பறந்தது. சிறுவர் அதனை மகிழ்ந்து ஏற்றனர். பெரியோர் சிறுவர் விளையாட்டென ஒதுக்கினர்.

இந்நிலையை மாற்றியது 1978 டிசம்பரில் வெளியான 'சூப்பர்மேன்'. இயக்குநர் ரிச்சர்டு டோனர், மெய்போலத் தோன்றுதல் என்பதையே தம் குழுவினருக்குத் தாரக மந்திரமாக எழுதி வைத்திருந்தார். மனிதன் பறப்பதைப் பார்வையாளர் நம்ப வேண்டும் என்பதே விளம்பரத்தின் உறுதிமொழியாகவும் இருந்தது. கிறிஸ்டோபர் ரீவ் அவ்வுறுதிமொழியைக் காத்தார். கூன் விழுந்த தோளும் தடுமாறும் பேச்சும் உடைய கிளார்க் கென்ட், நிமிர்ந்து நின்ற அளவிலேயே வேறொருவனாவதைக் கண்டு அரங்குகள் வியந்தன. காட்சி நுட்பங்களுக்கெனப் படம் சிறப்பு ஆஸ்கர் விருதும் பெற்றது.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையும் ஒன்று. புதுமை, பெருமை ஆகியவற்றைக் கண்டவிடத்துத் தோன்றும் வியப்பே மருட்கை. 1978இன் வெற்றி மருட்கையின் வெற்றி எனலாம். எனினும் அன்றும் இருமனம் இல்லாமலில்லை. காதலி மாண்டதும் சூப்பர்மேன் உலகைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் இறுதிக் காட்சியைப் பலர் ஏற்கவில்லை. எதையும் மாற்ற வல்லவனுக்கு இழப்பேது? இழப்பில்லாதவனுக்கு அழுகை ஏது? அவ்வினா இன்றளவும் கேட்கப்படுகிறது.

இப்படத்தின் பின்னணியில் பிறிதொரு கதையும் உண்டு. நாயகனின் முழு உரிமையையும் சீகலும் ஷஸ்டரும் தொடக்கத்திலேயே 130 டாலருக்கு விற்றிருந்தனர். பெரும்பொருட் செலவில் படம் வரவிருப்பதை அறிந்த சீகல், 1975இல் தம் வறிய நிலையைப் பொதுமக்கள்முன் வைத்தார். ஷஸ்டர் அப்பொழுது பார்வையை ஏறத்தாழ இழந்திருந்தார். ஓவியர்களும் இதழ்களும் குரல் கொடுத்தமையால், இருவர்க்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை வழங்கவும் படைத்தோர் என அவர்தம் பெயரைப் பொறிக்கவும் நிறுவனம் இசைந்தது. மெலிந்தோரைக் காக்கப் பிறந்தவன் தன்னைப் பெற்றோரைக் காக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் சுவைஞர் துணை நின்றதனால் நிகழ்ந்தது.

ஒரு படம், இரு வடிவம்

இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்த டோனரைத் தயாரிப்பாளர்கள் விலக்கி, ரிச்சர்டு லெஸ்டரைக் கொண்டு படத்தை நிறைவு செய்தனர். மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகள் நீக்கப்பட்டன. 1980இல் வெளிவந்த அப்படம் வரவேற்புப் பெற்றது. ஆயினும், முதற்படத்தின் வீறு ஒருபுறமும் நகைச்சுவை மறுபுறமுமாக அது பிளவுற்றுக் கிடப்பதை உணர்ந்த சுவைஞர் சிலர் டோனரின் வடிவத்தைக் கேட்கத் தொடங்கினர். கால் நூற்றாண்டு கழிந்து 2006இல் அவ்வடிவம் குறுந்தட்டாக வெளியிடப்பட்டது. நிறுவனம் முடித்து வைத்த படைப்பைச் சுவைஞர் மீண்டும் திறக்கச் செய்யலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சி முன்னோடியாயிற்று.

1987இல் வந்த நான்காம் படத்தின் கதையில் ரீவுக்கும் பங்குண்டு. உலகின் அணு ஆயுதங்களை எல்லாம் திரட்டிக் கதிரவனில் வீசி எறிகிறான் சூப்பர்மேன். நோக்கம் உயர்ந்தது, பொருட்செலவோ பாதிக்குமேல் குறைக்கப்பட்டிருந்தது. காட்சிகளின் எளிமையைக் கண்டு அரங்குகள் நகைத்தன. வலிமை எதற்கு என்னும் வினாவிற்கு மிக நேரான விடை சொன்ன படம் மிகக் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டது. உயர்ந்த பொருள் மட்டும் கவிதையாகி விடாது என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அதன்பின் 19 ஆண்டுகள் திரையில் புதிய சூப்பர்மேன் படம் வரவில்லை. இடையில், 1995இல் குதிரையினின்று வீழ்ந்து உடல் செயலிழந்த ரீவ், 2004இல் மறைந்தார். 2006இல் பிராண்டன் ரூத் நடிக்க வெளிவந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' ரீவுக்கும் அவர்தம் துணைவியார்க்கும் காணிக்கையாக்கப்பட்டது. திறனாய்வாளர் பலர் அதனைப் பாராட்டினர். பார்வையாளரோ, நாயகன் ஒருமுறைகூட எவரையும் ஓங்கிக் குத்தவில்லையே என்று குறைப்பட்டனர். நினைவஞ்சலியை ஒரு சாரார் கண்டனர். நிழற்படியை மறு சாரார் கண்டனர்.

முறிந்த கழுத்து

அக்குறைக்கு விடையாக அமைந்தது 2013 ஜூனில் வெளியான 'மேன் ஆஃப் ஸ்டீல்'. இயக்கியவர் சாக் ஸ்னைடர். நாயகன் ஹென்றி கேவில். நிறங்கள் மங்கின, புன்னகை அருகியது. மகனின் ஆற்றல் உலகறியத் தகாதெனத் தந்தை கையமர்த்த, அத்தந்தை சூறாவளியில் மடிவதை மகன் பார்த்து நிற்கிறான். இறுதிப் போரில் வானளாவிய கட்டடங்கள் சரிந்து நகரம் புழுதியாகிறது. முடிவில், அப்பாவிக் குடும்பம் ஒன்றைக் காக்க வேறு வழியின்றிப் பகைவன் சாடின் கழுத்தை முறிக்கிறான் சூப்பர்மேன்.

அவ்வொலி பார்வையாளரை இரண்டாகப் பிளந்தது. சூப்பர்மேன் கொலை செய்யான் என்பதே அவன் இலக்கணம் என்றனர் ஒரு சாரார். அவன் கதையைப் பல்லாண்டு எழுதிய மார்க் வெய்டு, தம் மனமுறிவை வெளிப்படையாக எழுதினார். தளர்ந்து விழும் கட்டடங்கள் 2001 செப்டம்பர் 11ஐ நினைவூட்டியதால், காக்கும் முயற்சி போதிய அளவு காட்டப்படாமை பலர்க்கு வலித்தது. எதிர்த்தரப்பாரின் வாதமும் எளிதில் தள்ளத் தக்கதன்று. இளையவன் ஒருவனின் முதற்போர் அது. கொன்றபின் அவன் எழுப்பும் ஓலமே அவன் அறத்திற்குச் சான்று என்றனர். 1988இல் வந்த படக்கதையிலேயே அவன் சாடைக் கொன்றிருக்கிறான் என்றும் சுட்டினர்.

இங்கு ஒன்று சிந்திக்கத் தக்கது. இரண்டாம் படத்திலும் இதே சாட், ஆற்றலிழந்த நிலையில், ஆழ்பள்ளத்தில் வீழ்கிறான். அதனை எதிர்த்து இத்துணைப் பெருங்குரல் எழுந்ததில்லை. ஆதலின் பார்வையாளரை உலுக்கியது கொலை மட்டுமன்று, கொலையின் கனம். முன்னது விளையாட்டாகக் கடந்து போயிற்று. பின்னது கண்முன் நிகழ்ந்தது. மெய்போலத் தோன்றுதலை வேண்டிய அரங்கு, அது முழுமையாக வந்து நின்றபொழுது அஞ்சியது.

சுவைஞரும் உரிமையும்

2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வி சூப்பர்மேன்' பார்வையாளரின் குற்றச்சாட்டையே கதையாக்கிக் கொண்டது. முந்தைய படத்தின் இறுதிப் போரைத் தரையில் நின்று காணும் மனிதன் ஒருவனின் கண்வழியாக அது தொடங்குகிறது. இத்தகைய வலிமையை யார் கட்டுப்படுத்துவது என்று கதைமாந்தரே வழக்காடுகின்றனர். அரங்கில் எழுந்த வினா திரையினுள் புகுந்தமை குறிப்பிடத் தக்க நிகழ்ச்சியாகும். ஆயினும், பகைமூண்ட நாயகர் இருவர் தத்தம் தாயரின் பெயர் ஒன்றாக இருப்பதை அறிந்து பகை தவிர்க்கும் காட்சி, சிலர்க்கு உருக்கமாகவும் பலர்க்கு நகைப்பாகவும் அமைந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 87 கோடி டாலர் ஈட்டிய இப்படமே, சூப்பர்மேன் படங்களுள் மிகுதியாக ஈட்டியதும் மிகுதியாகச் சினத்திற்கு ஆளானதும் ஆகும். வசூலை மட்டும் கொண்டு பார்வையாளரின் மனத்தை அளத்தல் இயலாது.

2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' படம் நிறைவுறும் தருவாயில், மகளை இழந்த துயரத்தில் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடன் அதனை முடித்தார். இரண்டு மணி நேரமே ஓடிய அப்படம் எவரையும் நிறைவு செய்யவில்லை. ஸ்னைடரின் வடிவத்தை வெளியிடுமாறு இயக்கம் ஒன்று எழுந்தது. 2019இல் சான் டியாகோ விழாவின்போது வானூர்தியில் பதாகை பறக்கவிடப்பட்டது. இயக்கத்தார் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றிற்கு நிதியும் திரட்டினர். 2021 மார்ச் 18இல், நான்கு மணி நேரம் ஓடும் அவ்வடிவம் இணைய ஒளிபரப்பில் வெளிவந்தது. முன்பு கால் நூற்றாண்டு காத்திருந்து பெற்றதைச் சுவைஞர் இம்முறை நான்கு ஆண்டுகளுக்குள் பெற்றனர்.

இவ்வெற்றிக்கு நிழற்பக்கமும் உண்டு. மாற்றுக் கருத்துரைத்தோர் இணையத்தில் ஏசப்பட்டனர். இயக்கத்தில் ஒலித்த கணக்குகளுள் குறைந்தது 13 விழுக்காடு போலியானவை என நிறுவனம் செய்வித்த ஆய்வு கண்டதாக 2022இல் இதழ்ச் செய்தி வெளியாயிற்று. துயருற்ற ஒருவர்க்குத் துணை நிற்றலும் மாற்றாரைத் தூற்றலும் ஒரே கொடியின்கீழ் நடந்தன. வலிமை எதற்கு என்று நாயகனை வினவிய சுவைஞர், தமக்கு வலிமை வாய்த்தபொழுது அதே வினாவிற்கு விடை சொல்லும் நிலைக்கு ஆளாயினர்.

ஓர் அணிலின் உயிர்

இம்முன்வரலாற்றை உளங்கொண்டு நோக்கினால்தான் 2025ஆம் ஆண்டுப் படம் எழுப்பிய இருமனம் விளங்கும். டேவிட் கோரன்ஸ்வெட் நடித்த இச்சூப்பர்மேன் படத்தின் தொடக்கத்திலேயே தோற்றுப் பனியில் வீழ்கிறான். அடங்காத நாய் ஒன்று அவனை இழுத்துச் செல்கிறது. போரொன்றைத் தானாகவே சென்று தடுத்த அவனை, எவர் ஒப்புதலோடு இதைச் செய்தாய் எனக் காதலி லோயிஸ் செய்தியாளராக நின்று மடக்குகிறாள். 2013 முதல் அரங்கில் ஒலித்த வினா இம்முறை காதலியின் வாய்மொழியாக வருகிறது.

மாறுபட்டோர் சுட்டிய குறைகளும் உண்டு. கதைமாந்தர் மிகுதியால் நாயகன் ஒதுங்குகிறான் என்றனர். பிறந்த உலகினின்று பெற்றோர் அனுப்பிய செய்தியின் எஞ்சிய பகுதி, மண்ணுலகை ஆளச் சொல்வதாக இருந்தது என்னும் திருப்பம், 1978இன் பிராண்டோவைப் போற்றியோரைப் புண்படுத்தியது. வளர்த்த பெற்றோரே வழிகாட்டியர் எனக் கொள்ள அத்திருப்பம் வேண்டும் என்றனர் ஏற்றோர். இவன் கதை பிற நிலத்தினின்று வந்து குடியேறியவனின் கதை என இயக்குநர் நேர்காணலில் கூறியதும் அமெரிக்காவில் பூசலாயிற்று. கதையில் வரும் கற்பனை நாடுகளின் போரில், பலர் தம் காலத்து உண்மைப் போர்களைக் கண்டனர். இந்தியாவிலோ பூசல் வேறாயிற்று. முத்தக் காட்சியில் 33 விநாடிகளைத் தணிக்கைக் குழு நீக்கியமையைப் பார்வையாளர் பலர் கண்டித்தனர்.

இத்துணை வாதங்களுக்கும் நடுவே சிறிய காட்சி ஒன்று நிற்கிறது. பேருருவ விலங்கு ஒன்று நகரத்தைச் சிதைக்கையில், சூப்பர்மேன் விரைந்து பாய்ந்து ஓர் அணிலைக் காக்கிறான். முன்னோட்டக் காட்சியின்போது சிலர் அதனை வேண்டாம் என்றனராம். அணிலுக்காகவா இவ்வளவு என்பது அவர் எண்ணம். இயக்குநர் அதை நீக்கிப் பார்த்து, மனம் ஒப்பாமல் மீண்டும் சேர்த்தார். படம் வெளிவந்தபின் அக்காட்சியைச் சிலர் எள்ளினர். பலர் அதையே நெஞ்சிற் கொண்டனர்.

முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் வள்ளல்கள் எனப் போற்றும் மரபினர்க்கு அவ்வணில் அயலாகத் தோன்றாது. கொடிக்குத் தேர் எதற்கு என்னும் வினா அன்றும் எழுந்திருக்கும். பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் கூறவந்த தொல்காப்பியர், அஞ்சாமையோடு கொடையையும் சேர்த்தே எண்ணினார். போர் வெல்லும் ஆற்றல் மட்டும் ஒருவனைப் பெருமிதத்திற்கு உரியவன் ஆக்குவதில்லை. 2013இல் சூப்பர்மேனிடம் சிலர் காணாது வருந்தியதும், 2025இல் சிலர் கண்டு மகிழ்ந்ததும் அக்கொடைப் பண்பேயாகும். வலிமையின் துயரத்தைக் கண்டோர் முன்னதை நேசித்தனர். வலிமையின் கனிவைக் கண்டோர் பின்னதை நேசித்தனர். இருசாரார் நேசமும் மெய்யே.

1938இல் வறுமையிடையே இளைஞர் இருவர் தீட்டிய உருவம் இன்றும் வழக்கிடப்படுகிறது என்பதே அதன் உயிர்ப்பிற்குச் சான்று. எவரும் வாதிடாத நாயகன் சிலையாகி விட்டவன். ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்தையும் ஏக்கத்தையும் அவன் தோளில் ஏற்றி, எங்களுக்காக இதனைச் சுமப்பாயா என்று கேட்கிறது. ஒருவர்க்கு அவன் சுமப்பது போதவில்லை. மற்றொருவர்க்கு அவன் சுமப்பது மிகையாகிறது. பழந்தலைவனைப் புதிதாகப் பாடப் புகும் கவிஞர் எவரும் இவ்விருமனத்தை எதிர்கொண்டே தீர வேண்டும். அது அவர்தம் பாட்டின் தோல்வி ஆகாது. பாட்டு, கேட்பவர் வீட்டினுள் நுழைந்து விட்டது என்பதன் அடையாளமே ஆகும்.